கட்டையோடு சேர்த்து

ஐந்து மூட்டை ஒரு வரிசை.
மேல்வரிசை ஐந்தை அப்படியே திருப்பிப் போடணும்,
சந்தின்மேல் சந்து விழக்கூடாது.
சித்தாள் வேலைக்குப் போனபோது செங்கல் சொன்னது,
இங்கே மூட்டையும் அதையேதான் சொல்கிறது.
எட்டு வரிசை. நாற்பது மூட்டை. ஒரு டன்.
தோல் பதனிடுகிற பவுடர்;
மூக்கு வாய் கட்டிக்கொண்டாலும்
ராத்திரி சோற்றில் கசக்கும்.

அப்புறம் நான்.
பிலிம் உருளையைப் பிடித்துக்கொண்டு
பின்பக்கமாகவே நடந்து சுற்றுகிறேன்.
சாமியை யாரும் இப்படிச் சுற்றமாட்டார்கள்.
பேலட்டுக்கு ஒன்பது சுற்று, ஷிப்டுக்கு நாற்பது பேலட்.
ஒருநாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்:
சிப்காட் ஷெட்டைவிட்டு வெளியே வராமலே
தினமும் ஆற்காட்டுப் பாலம் வரைக்கும்
முதுகுகாட்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.
பாலாற்றில் தண்ணீர் வந்தால்
முதலில் என் குதிகாலுக்குத்தான் தெரியும்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு.
காலை ஆறு மணிக்குத் தட்டினால்
தப்பு மாதிரிச் சத்தம்போடுகிற பிலிம்
மே மாதத்து இரண்டு மணிக்கு, தகரக்கூரையின் கீழே,
பழைய பாவாடை நாடாவாகத் தொய்ந்துவிடும்.
அதற்குத்தான் மூலைக்கு மூலை அட்டை, அட்டைமேல் பெல்ட்.
ஒரு விரல் நுழையணும்.
இரண்டு நுழைந்தால் அவிழ்த்துக் கட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை,
பெல்ட் தீர்ந்துபோயிருந்த மத்தியானம்,
இருபத்தாறாவது பேலட்.
தேவநேசன் ஃபோர்க்கை நுழைத்துத் தூக்கினான்,
மஞ்சள் கோட்டில் பிரேக் போட்டான்.
கட்டை நின்றது.
மூட்டைகள் நிற்கவில்லை.

ஒன்றுகூடப் பிரியவில்லை.
நாற்பதும் ஒரே உடம்பாக,
நான் சுற்றிய ஒன்பது சுற்றும் கலையாமல்
வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.
அப்படி ஓர் இறுக்கம்.
வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

சீட்டு ஒட்ட நின்றிருந்த இம்தியாஸ்
பசை எடுக்க நாலடி தள்ளிப் போயிருந்தான்.
மேல்விஷாரத்திலிருந்து கொண்டுவந்த டிபன் மட்டும் அடியில்.
எடுத்துப் பார்த்தால் தாம்பாளம்.
முதலில் சிரித்தான்.
அப்புறம் சுவரோரம் குந்தினான்,
முழங்கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.
அவை நிற்கவில்லை.

பொன்னுரங்கம் சார் படிவத்தோடு வந்தார்.
காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது:
கவனக்குறைவு.
"கையெழுத்துப் போடு சம்பங்கி, லாரி நிக்குது."

அது இல்ல சார்.
பிலிம் மூட்டைய மூட்டையோட கட்டிச்சு,
கட்டையோட கட்டல.
மொத மூணு சுத்து கட்டையோட காலப் புடிக்கணும். புடிக்கல.

"ஏன் புடிக்கல?"
குனியல.
"ஏன் குனியல?"
இருபத்தஞ்சு பேலட்டுக்குக் குனிஞ்சேன் சார்.

பேனாவை மூடினார். திறந்தார்.
இடுப்பு என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
எழுதியதை அடித்துவிட்டு ஓரத்தில் கிறுக்கினார்,
என்னுடையதைவிட மோசமான கையெழுத்து.

பதினெட்டு நாள் கழித்து
சென்னையிலிருந்து ஒரு குழாய் வந்தது.
தோள் உயரம், அடியில் உருளை மாட்டிக்கொள்ளலாம்.
நிமிர்ந்து நின்றபடியே இப்போது
தரையோரம் கட்டையின் காலைச் சுற்றுகிறேன்.
முடித்ததும் உள்ளங்கை வைத்துத் தள்ளிப் பார்ப்பேன்.
மூட்டையோடு சேர்ந்து
கட்டையும் முனகினால்தான் சீட்டு.

நேற்றுச் சாப்பாட்டு நேரம்.
இம்தியாஸின் புது டப்பாவுக்கு மூடி சரியில்லை,
குறுக்கே ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தான்,
மூடிக்கு மேலேயே, சும்மா ஒரு சுற்று.
பிடுங்கி,
அடிவழியாகக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தேன்.
"இன்னாக்கா, இதுக்குமா?" என்றான்.
தூக்கி ஆட்டிப் பார்த்தான்.
குழம்பு சிந்தவில்லை.