சனிக்கிழமை, மூன்று மணி

துதுயிலாவிலிருந்து உப்போலுவுக்கு
நூற்று முப்பது கிலோமீட்டர் போல.
முப்பத்தைந்து நிமிடம்.
எதிர்காற்று என்றால் நாற்பது.
கைக்கடிகாரத்தைத் தொட வேண்டாம்,
முள் அங்கேயும் இதே இடத்தில்தான் நிற்கும்.
கிழமை மட்டும் மாறிவிடும்.
நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறதாம்.
எங்கள் விமானிகள் எவரும் அதைப் பார்த்ததில்லை.

நான் பாகோ பாகோ விமான நிலையத்தில்
ஆட்களை எடை போடுகிறேன்.
பத்தொன்பது இருக்கை, இரட்டை விசிறி வைத்த சின்ன விமானம்;
பெட்டி மட்டுமல்ல, மனிதரும் மேடையேற வேண்டும்.
போதகர், ரக்பி ஆட்டக்காரர், புதுப்பெண்,
எவர் எண்ணையும் வாய்விட்டுப் படிப்பதில்லை.
இந்த வேலைக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

வெள்ளி காலை ஒன்பதுக்கு
ஃபேதுவாவ் வந்தாள்.
சூரை மீன் ஆலையின் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல்.
டின் மாட்டிறைச்சி ஒரு பெட்டி,
சுருட்டிக் கட்டிய மெல்லிய பாய் ஒன்று.
"இதையெல்லாம் இன்றே அனுப்பிவிடுங்கள்,
நான் நாளைக் காலை போகிறேன்.
தம்பியைச் சனிக்கிழமை மூன்று மணிக்கு
அடக்கம் செய்கிறார்கள்."

பெனியமினா. டிசம்பர் முப்பதில் பிறந்தவன்.
அவன் நாடு கோட்டுக்கு அந்தப் பக்கம்
இடம் மாறிக்கொண்ட வருடம்
அங்கே அந்தத் தேதியே விடியவில்லை.
'உங்களைவிட எனக்கு ஒரு வயது குறைச்சல்' என்று
போன வாரம் வரைக்கும் சொன்னானாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை,
டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அங்கே இப்போதே சனிக்கிழமை."

இத்தனை வருடமாகத் தெரிந்த கணக்குதான்,
சந்தைக்குப் போகிற சிறுவன்கூடச் சொல்வான்.
சாவைச் சொல்கிற வாய்க்கும்
கேட்கிற காதுக்கும்
அது எங்கே நினைவிருக்கப்போகிறது.

பத்தரை விமானம் நிறைந்திருந்தது.
விஷயத்தை உரக்கச் சொன்னேன்.
எல்லாரும் தங்கள் மூட்டைகளைப் பார்த்தார்கள்.
கடைசியில் சிமென்ட் வியாபாரி துவாலா
செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார்.
"நூற்றுப் பன்னிரண்டு,"
தானே சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்க.

அவள் எழுபத்தொன்று.
பாய் ஒன்பது.
பெட்டி இருபத்தைந்து.
இரண்டு முறை கூட்டினேன். ஏழு கிலோ மிச்சம்.
ஏதாவது ஏற்றட்டுமா என்று சாமான் தூக்குகிறவன் கேட்டான்.
வேண்டாம் என்றேன்.
அந்த இடம் அப்படியே போகட்டும்.

ஞாயிறு பகல் இரண்டுக்கு அங்கே கிளம்பி
சனி இரண்டு முப்பத்தைந்துக்கு இங்கே இறங்கினாள்.
பூட்ஸில் காய்ந்த சேறு.
பேருந்து வரவில்லை.
எனக்கு எதிர் பெஞ்சில்
காலிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.
தண்ணீர் வேண்டுமா என்றேன்.
"நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்," என்றாள்,
நான் கேட்டது அதைத்தான் என்பதுபோல.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆயிற்று.

அவள் எழுந்து நின்றாள்.
பக்கத்தில் ஒரு பையன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான்.
எடை பார்க்க ஏறியிருந்தவர்
இறங்கலாமா என்று கேட்டார்.
கொஞ்ச நேரம்
அசையாமல் நில்லுங்கள் என்றேன்.