இரண்டு துவாய்

கத்தரிக்கோல் தேடுகிறாள் சிந்துஜா.
"இன்னும் வெட்டேல்லையா அதை?"
ஏழு நாள் ஜமேக்காவின் ஊதாப் பட்டி
கையுறைக்குள் ஒளிந்திருக்கிறது.

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குமயிர் உறைகிற காலை ஆறு மணி.
போர்ட்டேஜ் அவென்யூவில்
பஸ் இன்னும் வரவில்லை.

அங்கே
கடல் அவ்வளவு பச்சையாக இருந்தது.
நம்பாமல் அள்ளிப் பார்த்தேன்,
கையில் வெறும் தண்ணீர்.
பிள்ளைகள் அலையோடு சண்டை பிடித்தார்கள்.
நான் வெள்ளைச் சட்டையோடு
மாம்பழச் சாறு உறிஞ்சியபடி நின்றேன்.
ஒரு பெண்மணி வந்து
இரண்டு துவாய் கேட்டாள்.

சொல்லியிருக்கலாம்.
பட்டியைக் காட்டியிருக்கலாம்.
ஏனோ போய் எடுத்து வந்தேன்.
ஒரு அமெரிக்க டொலர் தந்தாள்,
நன்றியும் சொன்னாள்.

துவாய்க் குடிலில் நின்ற டெல்ராய்
எல்லாம் பார்த்திருந்தான்.
"ஆள் எடுக்கிறம், வேலைக்கு வாறியா?"
வயிறு நோகச் சிரித்தோம்.
டொலரை அவனிடமே நீட்டினேன்.
பாதியாகக் கிழிப்பதுபோல் நடித்துவிட்டு
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
அப்போது அவன் சிரிக்கவில்லை.

பஸ் வந்தது.
மேல்கம்பியைப் பிடித்த கைகளில் ஒன்றில்
ஊதாப் பட்டி.
அவளா, வேறு யாருமா,
தொப்பிக்கும் சால்வைக்கும் இடையில்
இரண்டு கண்கள்தான் தெரிந்தன.
எனக்கும் அவ்வளவுதான்.

கையுறையை மெல்லக் கீழே இழுத்துவிட்டு
அதே கம்பியைப் பிடித்தேன்.
மூன்று நிறுத்தம் வரைக்கும்
இரண்டு பட்டிகளும் ஒன்றாய் ஆடின.

பிறகு அவள் இறங்கிப் போனாள்.

இரவைக்கு வெட்டலாம்.