கை காட்டுதல்

இந்த ஊர்ச் சட்டப்படி
வலப்பக்கம் திரும்ப
இடக்கையை மேலே தூக்கலாம்.
ஒன்றுக்குப் போக ரீச்சரிடம் கேட்கும் பிள்ளைபோல
எல்ஸ்மியர் வீதியில், நவம்பர் இருட்டில்
நானும் தூக்கினேன்.
எதிரே வந்த மினிவேன்காரர்
நீ முதலில் போ என்று நான் சொன்னதாக எண்ணி
நன்றியாய்த் தலையசைத்து
என் முன்சில்லுக்கு ஒரு சாண் விட்டுத்
திரும்பிப் போனார்.

வீடு வந்து கையுறையைக் கழற்றிய பிறகும்
அந்தச் சாண்
விரல்களிலேயே விறைத்து நின்றது.

மறுநாள் பெஹ்ரூஸின் கடை.
பனிக்கு எடுக்கும் உப்புவாளிகளுக்கு நடுவே
ஒரு பிஸ்கட் தட்டில் பரப்பினார்:
அம்புபோல் ஓடி ஓடி எரிவது,
கம்பியே இல்லாதது,
தலைக்கவசத்தின் பின்னால் ஒட்டுவது,
நத்தார் மரத்திலிருந்து தப்பி வந்தது போல் ஒன்று.

"பற்றரி எத்தனை வோல்ட்?"
நாற்பத்தெட்டு.
"விளக்குக்குப் பன்னிரண்டு போதும்.
நடுவில் குட்டிப் பெட்டி ஒன்று வேண்டும்,
இல்லையென்றால் முதல் திருப்பத்திலேயே
இடதும் வலதும் புகைதான்."

செல்வேந்திரா போனில் சொன்னான்:
"தலைக்கவசத்தில பூட்டுறதை எடும், அதுதான் நல்லம்."
ஒரு நாய் குரைத்தால் திரும்பிப் பார்க்கிறவள் நான்.
மேப்பிள் மரத்தில் ஒரு இலை மிச்சமிருந்தாலும்
திரும்பிப் பார்க்கிறவள்.
என் தலை போகும் பக்கத்தை
வீதி நம்பக் கூடாது.

கம்பியில்லாதது வடிவுதான்.
ஆனால் ஜனவரியில், மைனஸ் இருபதில்
போனே பாதிவழியில் செத்துப்போகிறது.
தினம் இரவில் மூன்று சின்னப் பற்றரிகளை
சொக்கெற்றில் செருகிப் படுக்கவைக்க
எனக்கு இனிப் பிள்ளை வளர்க்கும் பொறுமை இல்லை.

பெஹ்ரூஸ் கடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்
வேலியோரம் வரை நடந்து, முதுகு காட்டி நின்று,
இரண்டு விளக்கையும் சேர்த்துப் பிடித்தார்.
"எந்தப் பக்கம் மினுங்குகிறது?"
தெரியவில்லை. ஏதோ மஞ்சளாய்.
கைகளை விரித்தார்.
"இப்போது?"
இடது.
அவ்வளவுதான், என்றார்,
பக்கம் தெரிய வேண்டுமென்றால்
நடுவில் இடம் வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் என் கரியரில்
பத்துக் கிலோ அரிசிப் பை இருக்கும்,
சிலவேளை ஒரு வாழைக்குலையும்.
ஆகவே இருக்கைக்குக் கீழே வேண்டாம்,
அரிசிக்கும் அப்பால், இரண்டு ஓரத்திலும்
நண்டின் கண்கள்போல
வெளியே நீட்டிப் பூட்டச் சொன்னேன்.
பொத்தான் பெரிதாக.
கொழுத்த கையுறைப் பெருவிரல்
கண் இல்லாமலே கண்டுபிடிக்க.

சத்தம் வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டும்.
இல்லாவிட்டால் அணைக்க மறந்து
நேர்வீதியில் மூன்று கிலோமீற்றர்
இதோ திரும்புகிறேன், இதோ திரும்புகிறேன் என்று
பின்னால் வரும் பஸ்காரரை ஏமாற்றிக்கொண்டே போவேன்.

எழுபத்தொன்பது டொலர்.
மூன்றரை மணித்தியாலம்:
திருமதி ஹாலிடேயைக் குளிப்பாட்டி,
பக்கத்து அறை மனிதரின் காலுறையை
இரண்டு தரம் மாட்டி,
அவர் இரண்டு தரம் கழற்றும் நேரம்.

இன்று அதிகாலை ஐந்தேகால்.
நீல்சன் சந்தியில் முன்னாலும் பின்னாலும் ஒருவருமில்லை.
பச்சைத் தொட்டியின் மேல்
மூடியைத் திறக்கும் அலுவலில் ஒரு ரக்கூன்.
பொத்தானை அழுத்தினேன்.
டிக், டிக்.
அழுக்குப் பனி ஒருதரம் மஞ்சளானது,
பிறகு பனியானது, பிறகு மஞ்சள்.
ரக்கூன் வேலையை நிறுத்திவிட்டு
நான் சொன்னதைச் செய்கிறேனா என்று பார்த்தது.

விளக்கு தன்பாட்டில் மினுங்க
இடக்கையும் தானாக எழுந்தது,
தோள்வரை வந்து
ஒரு வேலையுமில்லாமல் நின்று,
பிறகு
பிடியைப் பற்றிக்கொண்டது.