ரூபாய் 0.00

பயணப்படி வேண்டுமானால்
பயணச்சீட்டை இணைக்க வேண்டும்.
விதி நான் எழுதியதல்ல.
வவுச்சர்களில் துளை போட்டு
நூல் கோர்ப்பவள் நான்.

அழகர்கோவில் ரோட்டு ஹோட்டலின் முதல் மாடியில்
பருவநிலை நிதி யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று
இரண்டு நாள் பேசினார்கள்.
சித்திரை வெயில் கண்ணாடிக்கு வெளியே நின்றது.
உள்ளே
டெல்லியிலிருந்து வந்தவருக்குக் குளிரெடுத்தது.
வரவேற்புக்கு வாங்கிய சால்வைகளில்
ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.
அதற்கும் ரசீது இருக்கிறது.

திரையில் அம்புக்குறிகள்.
எங்கோ கடல் தாண்டிப் புறப்படும் பணம்
கட்டம் கட்டமாக இறங்கி வருகிறது.
மரத்தூளில் புதைத்த ஐஸ் பாரை
சைக்கிளில் கட்டி எடுத்துப்போவார்களே,
வழியெல்லாம் ஈரம்.
கடைசிக் கட்டத்தில் 'சமூகம்' என்று போட்டிருந்தது,
எழுத்து சின்னதாக.

பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டரை வரை
பாதிக்கப்பட்டோர் குரல்.
ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிடம்.
நான்காவது பெயர் ஒச்சம்மாள்,
செக்கானூரணிக்கு மேற்கே, மானாவாரி.

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.
அடுத்த காட்டுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

"ரெண்டு ஏக்கர் வாரத்துக்குப் பாக்குறேன்.
ஆடியில கடலை போட்டேன்.
பூக்குறப்ப மழை நின்னுருச்சு.
தப்பிச்ச காயைப் புடுங்குற நேரம் பாத்து
அடிச்சு ஊத்துச்சு.
மண்ணுக்குள்ளயே மறுபடி மொளைச்சுருச்சு கடலை.
பட்டா திருப்பூர்ல இருக்கவரு பேருல.
ஒருநா அவரே போன் போட்டு,
'ஏத்தா, என் கணக்குல நிவாரணம்னு பணம் ஏறியிருக்கு,
நம்ம காட்டுல என்னா ஆச்சு?'ன்னாரு.
என்னா ஆச்சுன்னு சொன்னேன்.
வேற என்னா கேக்குறீங்க?"

வேறு எதுவும் கேட்கவில்லை.
ஒரு நிமிடம் நாற்பது வினாடிதான் ஆகியிருந்தது.
மிச்சத்தைக் கைதட்டி நிரப்பினார்கள்.
மொழிபெயர்த்த பையன்
வாரத்தை ஏழு நாளாக்கிவிட்டான்.
வாரம் ஒருமுறை நிலத்தைப் போய்ப் பார்க்கும் பெண்ணாக
சால்வைக்காரரின் நோட்டில் இறங்கினாள் ஒச்சம்மாள்.
நான் எழுந்து திருத்தியிருக்கலாம்.
எனக்குக் கொடுத்திருந்த நாற்காலி
கதவுக்கு வெளியே.

சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசைக்கு வந்தாள்.
"வந்து போன காசு குடுப்பீகளாம்ல?"
சீட்டு கேட்டேன்.
செல்போன் உறைக்குள்ளிருந்து
மடங்காமல் எடுத்து வைத்தாள், இரண்டு.
செக்கானூரணி – பெரியார் நிலையம்.
பெரியார் நிலையம் – தல்லாகுளம்.
மகளிர், கட்டணமில்லை.
ரூ. 0.00
ரூ. 0.00

விமானத்தில் வந்தவருக்குப்
பதினோராயிரத்து நானூறு
காலையிலேயே கொடுத்தாயிற்று.
இவளுக்கு நான் தரவேண்டியது
இரண்டு பூஜ்ஜியங்களின் கூட்டுத்தொகை.

"நூறு நாள் வேலைக்கு இன்னைக்கு மட்டம் போட்டுட்டேன்.
அதுக்குச் சீட்டு கிழிச்சுக் குடுக்க மாட்டாகளே"
என்று சிரித்தாள்.
சிரிப்பில் என்மேல் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் பையிலிருந்து முந்நூறு எடுத்து நீட்டினேன்.
நோட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்,
பெட்டி பூட்டியே இருந்தது.
"இது யாரு காசு?"
என்னோடது என்றேன்.
"அப்ப வேணாந்தா.
ஒன் காசையா கேட்டேன்?"

நாலு மணிக்கும் தார் இளகிக்கொண்டிருந்தது.
முதல் பஸ்ஸில் ஏறவில்லை அவள்.
அது காசு வாங்குகிற பஸ்.
நிழலில்லாத நிறுத்தத்தில் அடுத்ததற்கு நின்றதை
சால்வைகளை எண்ணிக்கொண்டே பார்த்தேன்.
ஒன்று குறைந்தது.

இரவு கணக்கு முடித்தேன்.
விமானக் கட்டணத்துக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் நடுவே
அந்த இரண்டு சீட்டுகளையும் வைத்து
நூல் கோர்த்தேன், வவுச்சர் எண் நாற்பத்தேழு.
பூஜ்ஜியத்துக்கு எதற்கம்மா வவுச்சர் என்று
ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும்.
பணம் பெற்றவர் கையொப்பம் என்ற இடத்தில்
அவள் சொன்னதை
அப்படியே எழுதியிருக்கிறேன்,
கேள்விக்குறியோடு.