அறுபத்துமூன்று: மிச்சம் இல்லை

கஸ்தூரியார் வீதிக் கடையின் பின்னறையில்
பதினொரு பேரேடுகள்.
கறையான் தின்றது போக மிஞ்சியதைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா, தேத்தண்ணி தனி.

'சுழியன் சித்திரக்கதை', மாதம் ஒன்று.
இதழ் எண், வந்தது, விற்றது, திரும்பியது,
கழிவு நூற்றுக்கு இருபத்தைந்து.
எழுதியவர் முகவர் தியோகுப்பிள்ளை,
ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுகிற கை.

கொழும்பு செட்டியார் தெருவில் அச்சாகி
இரவுத் தபால் ரயிலில் நாற்பது பிரதி வரும்.
சாவகச்சேரிக்குப் பன்னிரண்டு, பருத்தித்துறைக்கு ஒன்பது,
ஊர்காவற்றுறைக்கு நாலு, வேலணைக்கு மூன்று,
பஸ் நிலையக் கடைக்கு ஆறு, நெல்லியடிக்கு ஆறு.
நெல்லியடி ஒருநாளும் முழுதாய் விற்றதில்லை.
இரண்டு திரும்பும்.
ஒன்றில் கதாநாயகிக்கு யாரோ மீசை வரைந்திருப்பார்கள்.
அதற்கும் பதிவு உண்டு: 'மீசையுடன் 1'.

எண்கள் ஒழுங்காய் நடந்ததாகச் சொல்ல முடியாது.
பன்னிரண்டு இரண்டு தடவை வந்தது.
முப்பதும் முப்பத்தொன்றும் ஒரே அட்டைக்குள்.
அச்சுக்கோப்பவரின் கண்ணயர்வில்
நாற்பத்தெட்டு எண்பத்துநாலாகி
ஒரு மாதம் மூன்று வருடம் முன்னால் ஓடிப்போய்த்
திரும்பி வந்தது.

கோண்டாவிலில் ஒரு நில அளவையாளர், பவளகாந்தன்.
எல்லா இதழும் வைத்திருக்கிறார், ஒன்றைத் தவிர.
"அறுபத்துமூண்டு இல்லாமல் எப்பிடி?
நாயன்மாரிலை ஒராளைக் குறைச்சு எண்ணுவீங்களோ?"
அறுபத்திரண்டில் சுழியன்
வெளிச்சவீட்டு உச்சியில் ஒரு கையால் தொங்குகிறான், தொடரும்.
அறுபத்துநாலில்
வள்ளத்தில் இருந்து தலை துவட்டுகிறான்.
இடையில் எப்படி இறங்கினான்?
முப்பத்தைந்து வருடமாய் அவருக்கு அதே கேள்வி.

இன்று அந்தப் பக்கம் வந்தது.
எண்பத்துமூன்று, ஆவணி.
இதழ் 63. வந்தது 40. விற்றது 40. திரும்பியது 0.
பதினொரு பேரேட்டிலும்
முழுதாய் விற்ற ஒரே இதழ்.
நெல்லியடிகூட ஆறையும் விற்றிருந்தது.
மூன்று ரூபா ஐம்பதுப்படி நூற்று நாற்பது ரூபா.
கழிவுக் கட்டத்தில் ஒரு சிறு கோடு.
ஒரு சதமும் எடுக்கவில்லை மனிதர்.

கூட்டல் சரி, கழித்தல் சரி.
கணினி ஒரு பிழையும் காட்டவில்லை.

பக்கத்தில் குண்டூசியால் குத்திய பற்றுச்சீட்டு.
வழக்கமான தலைப்புத்தாள் இல்லை,
கொப்பியில் கிழித்த ஒற்றை.
'63ஆம் இதழ், நாற்பது பிரதிக்கான பணம் கிடைத்தது.
கப்பலில் வந்து சேர்ந்தோம். ஐந்து பேரும்.
அச்சகத்தில் எழுத்து ஈயம் உருகித்
தரையோடு ஒட்டிப்போனது.
63 இயந்திரத்தில் இருந்தது.'
அனுப்பிய இடம்: ஒரு பாடசாலை, எட்டாம் வகுப்பு, பி பிரிவு.

துருவேறிய ஊசியைக் கழற்றாமல் வைத்தேன்.

அடுத்த வரிக்கு ஐந்து மாதம் கழிகிறது.
இதழ் 64. விலை நாலு ரூபா.
அச்சிட்ட இடம் நாவலர் வீதி, யாழ்ப்பாணம்.
ரயில் கூலி இல்லை, கட்டு சைக்கிளில் வந்திருக்கிறது.
புது அச்சகம், புது எழுத்து,
அறுபத்துமூன்று என்றே தொடங்கியிருக்கலாம்.
பணம் வாங்கிய எண்ணை
இன்னொரு தடவை விற்க
அந்த மனிதருக்கு மனம் வரவில்லைப் போலும்.
இருவரும் இதைப் பேசினார்களோ தெரியாது.
பேரேட்டில் பேச்சுக்குக் கட்டம் கிடையாது.

64: வந்தது 40, விற்றது 37.
நெல்லியடி மூன்று. மீசை ஒன்று.

சனிக்கிழமை பவளகாந்தன் வருவார்.
அளவுநாடா பிடித்த கை மேசையைத் தட்டும்.
"கிடைச்சுதோ பிள்ளை?"

விற்று முடிஞ்சுது ஐயா, சொல்லப் போகிறேன்,
அந்த மாதமே.