இடைவெளி ஏழு விநாடி

கானாடுகாத்தானில் வீட்டை ஓட்டலாக்கியவர்கள்
புதுவயலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள்:
நானூறு வருஷத்துச் சங்கீதம்,
எல்லாருக்கும் பிடித்த உருப்படிகளாக,
மதியச் சாப்பாட்டுக்குள் அடங்க வேண்டும்.
ஆலாபனை வேண்டாம்.
தனி ஆவர்த்தனம் வேண்டவே வேண்டாம்,
சூப் ஆறிவிடும்.

நான் அடைக்கலம். மைக்செட்காரன்.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், செவ்வாய்ப் பொங்கல்.
பாதி ராகத்துக்குப் பெயர் தெரியாது.
எந்த ராகத்துக்கு எந்தக் குழாய் அலறும்,
அது தெரியும்.
மோகனத்தை எதில் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.
தோடி வந்தால் ட்ரெபிளைக் குறைக்க வேண்டும்.

அரிசி ஆலைகள் ஓய்ந்த பிறகு
ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்டேன், பதினெட்டு ராத்திரி.
பட்டியலில் வருஷம், ராகம், தாளம், நிமிஷம், குரல்
என்று கட்டம் போட்டிருந்தேன்.
முதல் முந்நூறு வருஷத்துக்கு
குரல் கட்டம் காலி.
பதிந்துவைக்க மிஷின் ஏது?
மின்சாரம் இல்லாமல், வாய்க்கு வாய்
நடந்தே வந்திருக்கிறது இத்தனையும்.
வழியில் எவனோ ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருந்தால்
ஒரு சங்கதி
ஏதோ ஊர்ச் சத்திரத்திலேயே தங்கிப்போயிருக்கும்.
தங்கிப்போனவை எத்தனையோ,
அதற்கு நான் கட்டம் போடவில்லை.

அப்புறம் இசைத்தட்டுகள்.
ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிஷம்.
ஒரு அம்மாள் காம்போதியில்
படித்துறையில் இறங்குவதுபோல் நிதானமாகத்தான் இறங்குகிறார்.
யாரோ கையைக் காட்டியிருக்க வேண்டும்.
கடைசிச் சரணத்தில்
ரயிலைப் பிடிக்கிற ஓட்டம்.

அதே உருப்படியைப் பின்னால் பாடிய
ஒன்பது பேரைத் தேடிக் கேட்டேன்.
ஒலிநாடா, குறுந்தகடு, நேற்று போனில் எடுத்தது வரை.
அவர்கள் கையில் நேரம் கொட்டிக் கிடக்கிறது.
அந்த இடம் வந்ததும்
ஒன்பது பேரும் ஓடுகிறார்கள்.

நாற்பத்தொன்று தேறியது.

போஜன ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டினேன்.
மூன்று விநாடி ஆயிற்று அடங்க.
முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவர்,
முகம் தெரியும்;
சத்தத்தை விழுங்கத் தெரியாது.
கல்யாணி முடிந்து கானடா எடுக்கும்போது
உத்தரத்தில் கல்யாணி இன்னும் கிளம்பவில்லை.
பரிமாறுகிற ராக்கம்மா சொன்னாள்:
"எச்சி இலையை எடுக்காம
மறு இலை போட்ட மாதிரி இருக்கு."

கடைக்கு வந்து
இரண்டு விநாடி இடைவெளிகளை
ஏழாக்கினேன், நாற்பதையும்.

திறப்பு நாளில்
முதல் இடைவெளியில் பேசிக்கொண்டார்கள்.
இரண்டாவதில் யாரோ தண்ணீர் கேட்டார்.
ஆறாவதிலோ ஏழாவதிலோ
ஒரு வெள்ளைக்காரர் கரண்டியை வாய்க்கு அருகில் நிறுத்தினார்.
முற்றத்துப் புறா. தூரத்தில் லாரி.
ரசவாளியைக் கீழே வைக்காமல் ராக்கம்மா
இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றாள்,
அடுத்த தம்புரா எழும்பும் வரை.

மேலாளர் கூப்பிட்டார்.
"என்னப்பா, நின்னு நின்னு ஓடுது?
பாட்டு விட்டுப் போச்சுன்னு நினைக்கிறாங்க."
"ஹால் அப்படி சார்."
"ஹாலையா மாத்த முடியும்? அதைக் குறை."

குறைத்தேன். காசு வாங்கியாயிற்றே.
உட்கார்ந்து ஒவ்வொன்றாக
ஏழை இரண்டாக்கினேன்.

பதினாலாவதுக்கும் பதினைந்தாவதுக்கும் நடுவில் மட்டும்
கை வைக்கவில்லை.
அந்த அம்மாள் அங்கேதான் ஓடி முடிக்கிறார்.
மூச்சு வாங்கட்டும்.