ஓரத்துப் புள்ளி

நடுவிலிருக்கும் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள்,
ஓரத்தில் புள்ளி மின்னினால் அழுத்துங்கள்
என்று கைகளால் சொல்லிவிட்டு
சுவரோரம் போய் நின்றார் மொழிபெயர்ப்பாளர்.

பேர்ன் நகரம், நவம்பர்.
தாடை வைக்கும் தாங்கியில்
எனக்கு முன்னால் வந்துபோனவரின் சூயிங்கம் வாசம்.

இடது மேல். அழுத்தினேன்.
வலது கீழ். அழுத்தினேன்.
கண்ணாடிக்கு அப்பால், வலது ஓரத்தில்,
முனைவர் ட்ஸ்பிண்டன் சப்பாத்தைக் கழற்றிக்
குதிகாலைத் தேய்த்துக்கொண்டார்.
அதற்குப் பொத்தான் இல்லை.

காது கேட்பவர்களைவிட
நாற்பது மில்லிசெகண்ட் முந்திவிட்டேனாம்.
வரைபடத்தைக் காட்டி
வாயெல்லாம் பல்லாக நின்றார்.

கடைக்கண் என்றொரு சொல் இருக்கிறது எங்களிடம்.
அருளுக்கும் காதலுக்கும் வைத்தது.
எனக்கோ
பின்னால் மணியடித்து வரும் சைக்கிள்களுக்கு
ஒதுங்கி ஒதுங்கியே பழகியது.

கடைசியாக ஒரு படிவம்.
உங்கள் முதல் மொழி?
ஜெர்மன், பிரெஞ்சு, சைகை,
பிற.
'பிற'வுக்கு எதிரே
விரல்நகம் அளவு கட்டம்.

ஒரே கட்டிலில், அம்மா தூங்கிய பிறகு,
அக்கா என் உள்ளங்கைக்குள் விரலால் பேசினாளே,
கண்ணே தேவைப்படாத அந்த மொழி,
அதை இதில் எப்படி எழுத?

பேனாவை மூடினேன்.
ட்ஸ்பிண்டனின் கையைக் கேட்டு வாங்கினேன்.
மொழிபெயர்ப்பாளரிடம்
விளக்கை அணைக்கச் சொன்னேன்.